மோந்த பூ

வெளிநாட்டில் ஒரு பெரிய கடை. ஒரு அம்மா எங்கள் மல்லி சென்ட்டை மணிக்கட்டில் தடவி மோந்து பார்த்திருக்கிறாள். பார்த்தவள் அப்படியே நின்று, "நான் என்ன தப்புப் பண்ணினேன்?" என்று கடைப் பெண்ணிடம் கேட்டாளாம். அவள் என்ன சொல்வாள் பாவம், முழித்திருக்கிறாள். அந்த அம்மா கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு, யாரும் பார்த்துவிடக் கூடாது என்கிற மாதிரி சுவரோரமாகவே நடந்து வெளியே போய்விட்டாளாம். அந்த வாரத்துக்குள் வேறு கடைகளிலிருந்தும் இதே புகார் வந்துவிட்டது.

சென்ட் பூசினால் தும்மல் வரும், தலை வலிக்கும், வெட்கம் எப்படி வரும் என்று கேட்பீர்கள். இப்போது வருகிற சென்ட்டில் வரும். அதற்குத்தானே இத்தனை விலை.

இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் பண்ணிக்கொண்டிருக்கிற காரியம் உங்களுக்குப் புரியாது. ஒரு காலத்தில் பாட்டில் மேல் பச்சை இலைப் படம் போட்டு, 'இயற்கையானது, நியாயமான முறையில் பறிக்கப்பட்டது' என்று அச்சடித்தால் போதும். அச்சடித்தவனுக்கும் அதில் நம்பிக்கை கிடையாது, வாங்கினவனுக்கும் கிடையாது. கடைசியில் வாங்குகிறவர்கள் பிடிவாதமாக நின்றார்கள். பூ பறித்தவர் எந்த நிலைமையில் பறித்தார் என்று எங்களுக்குத் தெரிந்தாக வேண்டும் என்றார்கள். அப்போது வந்ததுதான் 'சாட்சி' என்கிற இயந்திரம்.

மனுஷ மூச்சில் எல்லாம் இருக்கிறது. பசித்தவர் மூச்சு வேறு, பயந்தவர் மூச்சு வேறு. பூ பறிக்கும்போது அந்த மூச்சு அரும்பில் படிகிறது. சாட்சி அதைக் கண்டுபிடித்து, பெருக்கி, வாசனையோடு சேர்த்துப் பூட்டிவிடும். சென்ட்டைப் பூசிக்கொள்கிறவருக்குக் கண நேரம், பறித்தவரின் மனசு தன் மனசாக வந்து போகும். இதில் யாரும் பொய் சொல்ல முடியாது என்றார்கள். பல நாடுகளில் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள்.

மற்ற ஊர் ரோஜாவில் கால் வலி வரும். ஏதோ ஒரு தீவின் கிராம்பில் மேஸ்திரியைக் கண்ட பயம் வரும். எங்கள் சத்தியமங்கலம் பக்கத்து மல்லியில் மட்டும் அமைதி வரும். தலைக்குக் குளித்துவிட்டு, ஈரம் காய, கோயில் பிரகாரத்தில் உட்கார்ந்த மாதிரி ஒரு அமைதி. அதற்காகவே உலகத்தில் விலை கூடிய மல்லி எங்களுடையதாக இருந்தது.

நான் சுபாஷிணி. பீளமேட்டில் படித்து வளர்ந்தவள். அந்த மல்லியில் சென்ட் எடுக்கிற கம்பெனியில் எனக்கு வேலை மோந்து பார்ப்பது. மல்லியிலிருந்து எடுக்கிற வாசனை மெழுகு சட்டியில் இளஞ்சூடாக இருக்கும்போதே ஒரு மனுஷ மூக்கு அதை மோந்து சரி சொல்ல வேண்டும், அப்புறம்தான் இயந்திரத்துக்குப் போகும். விதி அப்படி. மூடியைத் திறந்து, முகத்தைக் கிட்டே கொண்டுபோய், நெஞ்சில் இருக்கிற காற்றையெல்லாம் முதலில் வெளியே விட்டுவிட்டு, பிறகு மெதுவாக இழுக்க வேண்டும். அப்போதுதான் வாசனை முழுசாகப் பிடிபடும். ஃபேக்டரியில் என் முதுகுக்குப் பின்னால் 'மோப்ப நாய்' என்பார்கள். தெரியும். சம்பளம் நன்றாக இருந்ததால் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. விளம்பரப் படத்திலும் நான்தான் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்து, "எங்கள் பூக்காட்டுப் பெண்கள் கவலை அறியாதவர்கள். அவர்கள் மனசுதான் இந்த வாசனை" என்று பேசினேன். இப்போது அந்தப் படம் எங்காவது ஓடினால் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

புகார் வந்த அன்று முதலாளி ஈஸ்வரமூர்த்தி என்னைக் கூப்பிட்டார். அவர் யாரையும் அதட்டிப் பேச மாட்டார். குரல் இறங்க இறங்கத்தான் நமக்குப் பயம் ஏறும்.

"அம்மிணி, நீயே மோந்து பாரு" என்று அந்தச் சென்ட் குப்பியை நீட்டினார்.

மோந்தேன். முதலில் மல்லி வந்தது. பிறகு காது மடல் சுட்டது. பார்க்கக் கூடாத நிலையில் என்னை யாரோ பார்த்துவிட்டது போல உடம்பு குறுகிக்கொண்டது. செய்யக் கூடாத ஒன்றைக் கை செய்துகொண்டே இருக்கிறது, நிறுத்தவும் மனசில்லை. குப்பியை மூடின பிறகும் கொஞ்ச நேரம் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இந்த பேட்ச் மெழுகை நீ மோக்கலியா?"

"அப்ப நான் லீவுல இருந்தேன் சார். மெசின் மட்டும் பாத்து அனுப்பிட்டாங்க."

"செரி, என்ன வருது?"

"வெக்கம் சார். தெரிஞ்சே ஏதோ தப்புப் பண்றவங்களுக்கு வருமே, அது."

"அப்ப திருடுதுன்னு அர்த்தம்." அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "எவளோ பூவை மடியில கட்டிட்டுப் போயி வெளிய விக்கறா. அவ மூச்சே அவளைக் காட்டிக் குடுத்துருச்சு பாத்தியா. போயி ஆளைப் புடி. பேரைக் குடு, பதிவுல ஏத்திரலாம்."

பதிவு என்றால் சாட்சிப் பதிவு. அதில் 'ஆகாத மூச்சு' என்று ஒருத்தர் பேர் ஏறிவிட்டால் அவ்வளவுதான். பூக்காடு, ஏலத் தோட்டம், தேயிலை, எங்கேயும் அவரைக் கிட்டே சேர்க்க மாட்டார்கள். ஒருத்தர் மூச்சு கெட்டது என்று உலகத்துக்கே சொல்லிவிடுகிற ஏற்பாடு. இதற்குப் பேர் வெளிப்படைத்தன்மை.

பொழுது விடிந்து வெயில் ஏறுமுன் பூக்காட்டுக்குப் போய்விட்டேன். சொல்ல வாய் கூசுகிறது, பறிக்கிற நேரத்தில் நான் அங்கே போனது அதுதான் முதல் தடவை. விளம்பரம் எடுத்தபோது பறிப்பெல்லாம் முடிந்த பிறகு போனோம், வெளிச்சம் நன்றாக விழும் என்று. பெண்களைத் திரும்ப வரச் சொல்லி, வெறுங்கையால் பறிக்கிற மாதிரி காட்டச் சொன்னோம். அவர்களும் சிரித்துக்கொண்டே காட்டினார்கள்.

இப்போது வரிசை வரிசையாகச் செடிகளுக்கு நடுவே குனிந்து நின்றார்கள். எல்லோரும் மூக்கையும் வாயையும் சேர்த்துத் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கண் மட்டும்தான் தெரிந்தது. தூசிக்காக இருக்கும் என்று நினைத்தேன். ராத்திரி பனி பெய்த காட்டில் ஏது தூசி?

என் பக்கத்து வரிசையில் ஒரு ஒல்லியான அம்மா. என்னைவிட நாலைந்து வயசு கூட இருக்கலாம். வசந்தாமணி என்று பேர் சொன்னாள்.

"ஏனுங்க அக்கா, எல்லாரும் எதுக்கு மூக்கைக் கட்டிட்டு இருக்கீங்க?"

"மோந்த பூ சாமிக்கு ஆகாதுங்களே மேடம்." கை அது பாட்டுக்கு அரும்பைக் கிள்ளிக்கொண்டிருந்தது. "மொதக் கூடை மாரியாத்தா கோயலுக்குப் போகுமுங்க. எந்தக் கூடை மொதல்ல நெறையும்னு யாருக்குத் தெரியும்? அதனால எல்லாருமே கட்டிக்குவோம். ஆத்தாளுக்கு முந்தி நம்ம மூச்சுப் படக் கூடாதுங்க."

"கோயிலுக்குப் போன அப்பறமும் கட்டிட்டே இருப்பீங்களா?"

"அவுத்து அவுத்துக் கட்டறதுக்கு நேரமேதுங்க? அப்படியே கெடக்கும்."

"எத்தனை நாளா இந்தப் பழக்கம்?"

"எங்களுக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லருந்துங்க." என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாதுங்களா?"

எந்த மூச்சை உலகமே பூசிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்ததோ, அந்த மூச்சு ஒரு நாளும் பூவில் பட்டதே இல்லை. கம்பெனியில் அத்தனை படித்தவர்கள் இருக்கிறோம். மல்லி வைக்கிற ஊரில் பிறந்து, 'மோக்காதே, சாமிக்கு வைக்கணும்' என்று சின்ன வயசில் அடி வாங்காதவர் எங்களில் ஒருத்தரும் இல்லை. ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை. ஆபீஸுக்குள் நுழைந்ததும் அதையெல்லாம் செருப்போடு வெளியே விட்டுவிட்டோம் போலிருக்கிறது.

வரிசையில் நடந்தேன். மல்லி வாசனைக்கு அடியில் வேறொரு நெடி, பூண்டும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி. இலையைக் கசக்கி மோந்தேன். பூச்சி மருந்து. எங்கள் பாட்டிலில் 'மருந்து படாத மல்லி' என்று போட்டிருக்கிறது. மெழுகில் இந்த நெடி வராது. மெழுகு எடுக்கிற கழுவலில் எல்லாம் போய்விடும்.

கார் பக்கம் திரும்பியபோது வசந்தாமணி பின்னாலேயே வந்தாள். துண்டு கழுத்தில் கிடந்தது.

"மேடம், நீங்க தேடி வந்தது என்னையத்தானுங்க."

கார்க் கதவில் வைத்த கையை எடுத்துவிட்டுத் திரும்பினேன்.

"கொஞ்ச நாளைக்கு முந்தி துண்டைக் கட்டாம பறிச்சேனுங்க. இருட்டா இருக்கறப்ப யாருக்கும் தெரியாதுங்க." சொல்லும்போதே தலை குனிந்தது. பிறகு நிமிர்ந்து, ஆசையாகக் கேட்டாள். "போய்ச் சேந்துச்சுங்களா?"

"எது?"

"நாஞ்சொன்னதுங்க. நீங்கதான படத்துல பேசுனீங்க, நாங்க என்ன நெனச்சுப் பறிக்கறமோ அது பூசறவங்களுக்குப் போகும்னு. பூ எடை போடற கொட்டாயில போட்டுக் காட்டுனாங்க. சாமி பூவு, எங்க மூச்சு அதுல ஏதுன்னு அப்ப சிரிச்சேன். அப்பறம் நெனச்சேன், அவுத்துட்டாப் போகுமுல்லன்னு. மேஸ்திரிகிட்டச் சொல்லியாச்சு. கம்பெனி போர்டுல இருக்கற நம்பருக்கும் போன் பண்ணியாச்சு. ஒண்ணை அமுக்கு, ரெண்டை அமுக்குங்குது, அப்பறம் பாட்டுப் பாடுது. செரி, மூச்சுலயே சொல்லிருவோம்னு ஒவ்வொரு அரும்பையும் வாய்கிட்ட வெச்சுச் சொன்னேனுங்க. யாராச்சும் கேட்டு வருவாங்கன்னு தெரியும். நீங்க வந்துட்டீங்க."

என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவளே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள்.

மகள் தாரிணி. கல்யாணத்துக்குப் பார்க்கிற வயசு. சுவரில் தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டுமாம். ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்குள் விசில் மாதிரி ஒரு சத்தம். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள், நான் வேண்டாம் என்றேன்.

"சாயங்காலம் மருந்தடிப்பாங்க, விடியறதுக்குள்ள நாங்க உள்ள போவணும்" என்றாள் வசந்தாமணி. "பூவு விரிஞ்சிட்டா உங்களுக்கு ஆகாதுங்களே. ஈரம் காயறதுக்குள்ள எறங்கிருவோம். எங்களுக்குக் கை தோல் உரியும், தல சுத்தும், அதோட போயிரும். இவளுக்கு ஒத்துக்கல. டாக்டரு இன்னிமேல் காட்டுப் பக்கமே போகாதன்னுட்டாரு. மத்த புள்ளைங்களும் இப்ப இருமுதுங்க. மருந்தடிச்சா ஒரு ரெண்டு நாள் விட்டு எங்களை எறக்குனாப் போதுமுங்க. வேற ஒண்ணும் கேக்கல."

நான் அவளிடம் கேட்டேன்: "அக்கா, அந்தப் பூவுல நீங்க சொன்னது வரலை. வெக்கம்தான் வந்துச்சு. ஏன்?"

அவள் கழுத்தில் கிடந்த துண்டின் முனையைத் திருகினாள். "ஆத்தா பூவுல வாயை வெச்சேனுங்களே" என்றாள் பிறகு. "புள்ளையப் பத்திச் சொல்லச் சொல்ல, கையெல்லாம் கூசுச்சு. அதுதான் முந்திட்டுப் போச்சாட்ட இருக்குது."

வெட்கம் முந்திக்கொண்டது. பிள்ளையின் மூச்சு பின்தங்கிவிட்டது. நான் சொல்கிறேன் அக்கா, கட்டாயம் சொல்கிறேன் என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு வந்தேன். அப்போது நிஜமாகவே சொல்வதாகத்தான் இருந்தேன்.

ஈஸ்வரமூர்த்தி எல்லாவற்றையும் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்ப இத்தனை நாளா நாம வித்தது?"

"வெறும் பூ சார். அதுல ஆளே இல்ல. மத்த சென்ட்டுல யாரோ ஒருத்தரோட கவலை இருக்கும். நம்மளதுல ஒருத்தரும் இல்லாததால அமைதியாத் தெரிஞ்சிருக்கு."

"ஒண்ணுமில்லாததுதான அம்மிணி அமைதி" என்றார். சிரிக்கக்கூட இல்லை. "செரி, திருட்டு இல்லீல்ல? அது போதும்."

"மருந்து விசயம் சார்."

"மருந்து நெடி சென்ட்டுல வருதா?"

"வராது."

"அப்பறம் என்ன." குரல் இறங்கியது. "இதப் பாரு. மருந்துன்னு ஒரு வார்த்தை வெளிய போச்சுன்னா காடு மொத்தமும் போச்சு. நாளைக்கே அத்தனை பொம்பளைகளும் வூட்டுல உக்கோரணும். அதுல உன்ர வசந்தாமணியும் ஒருத்தி. அவளுக்கு நல்லது பண்றேன்னு அவ சோத்துல மண்ணைப் போட்டுறாத. நானாப் பாத்து மெல்ல மெல்லச் செரி பண்றேன். நெம்ப நல்ல மனசு உனக்கு, அதைப் பதறாம வெச்சுக்க."

அன்று மத்தியானமே, எங்கள் சென்ட்டை வாங்கி வெளிநாட்டில் விற்கிற கம்பெனியிலிருந்து இசபெல் திரையில் வந்தாள். அவள்தான் அங்கே நேர்மைப் பிரிவுக்குத் தலைமை. நல்லவள். கேட்டால் பதில் தெரிந்தாக வேண்டும் என்று நிஜமாகவே கேட்பாள், அதுதான் அவளிடம் பயம். அவள் பேசுவதை என் காதில் இருந்த கருவி ரேடியோச் செய்தித் தமிழில் மாற்றிச் சொன்னது.

"மலர் கொய்த அப்பெண்மணி ஏன் நாணமுற்றார் என்பதை அறிய விழைகிறோம்."

ஈஸ்வரமூர்த்தி பக்கத்தில் உட்கார்ந்து விரலில் இருந்த மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தாலாவது எனக்குக் கோபம் வந்து சொல்லியிருப்பேனோ என்னவோ.

"எங்க ஊர்ல சாமிக்கு வைக்கிற பூவை மோக்கக் கூடாதுங்க" என்றேன். "எல்லாரும் மூச்சுப் படாம மூக்கைக் கட்டிட்டுத்தான் பறிப்பாங்க. அந்த அக்கா ஒரு நாள் கட்டாம பறிச்சிட்டாங்க. சாமி பூவுல மூச்சு பட்டுருச்சேன்னு வெக்கப்பட்டிருக்காங்க."

ஒரு வார்த்தை பொய் இல்லை. இசபெல் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது.

"எத்துணை அழகு" என்றது கருவி. பிறகு அவள் முன்னால் சாய்ந்து கேட்டாள். "அவர் பொருட்டு நாங்கள் அறிய வேண்டியது வேறு ஏதேனும் உளதோ?"

வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி காத்திருந்தாள். தாரிணியின் நெஞ்சுச் சத்தம் என் காதில் இருந்தது. அந்தக் கருவிக்கு அதை மொழிபெயர்க்கத் தெரியாது. நான்தான் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். மாதத் தவணை ஓடுகிற என் வீடு ஞாபகம் வந்தது. வசந்தாமணியின் சோறு ஞாபகம் வந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் முதலில் வந்தது என் வீடு.

"வேற ஒண்ணும் இல்லைங்க" என்றேன்.

அதற்கப்புறம் எல்லாம் தானாக நடந்தது. 'மூச்சுப் படாத மல்லி' என்று புதுப் பேர் வைத்தார்கள். பழைய துண்டுக்குப் பதிலாகப் பெண்களுக்கு வெள்ளை வெளேரென்ற முகக்கவசம் வந்தது, ஓரத்தில் மல்லிப் படம் பின்னி. சாமிக்குப் பயந்து ஒரு பெண் வெட்கப்பட்ட கதையைப் படமாக எடுத்து உலகம் முழுக்க ஓட்டினார்கள். பேர் சொல்லவில்லை. வசந்தாமணியின் பேரைப் பதிவில் ஏற்றவும் இல்லை. என்னால்தான் அவள் தப்பித்தாள் என்று கொஞ்ச நாள் நானே என்னைத் தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

படம் ஊருக்குள்ளும் வந்தது. பேர் சொல்லாவிட்டால் என்ன, அந்தக் காட்டில் அது யார் என்று கண்டுபிடிக்க எத்தனை நேரமாகும்? ஆத்தாள் பூவில் வாய் வைத்தவள் என்று ஆகிவிட்டது. அவள் நின்ற வரிசையில் மற்றவர்கள் நிற்கவில்லை. அவள் கூடையைக் கோயிலுக்கு ஆகாது என்று தள்ளி வைத்தார்கள். யாரும் சண்டை போடவில்லை, ஏசவில்லை, சும்மா நகர்ந்து நின்றார்கள். கம்பெனி அவளை நிறுத்தவே இல்லை. அவளாகவே நின்றுவிட்டாள். இப்போது தேங்காய்க் களத்தில் காய் உடைக்கப் போகிறாள். மருந்து சாயங்காலம் சாயங்காலம் அடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அடுத்தடுத்த பேட்ச்சுகளில் மறுபடியும் வெட்கம் வந்தது.

முன்னைப் போல ஆளை உலுக்குகிற வெட்கம் இல்லை. மல்லிக்கு அடியில் மெலிசாக, போகாமல் ஒட்டிக்கொண்டு நிற்கிற வெட்கம். இயந்திரத்தைத் திருப்பித் திருப்பி ஓட்டினார்கள். எல்லாப் பெண்களுக்கும் முகக்கவசம் இருக்கிறது. கேமரா வைத்துப் பார்த்தார்கள், ஒருத்தியும் கழற்றவில்லை. எனக்கு மட்டும் அந்த வெட்கம் பிடிபடவே இல்லை. சட்டியை மோந்தபோதெல்லாம் 'வெறும் மல்லி' என்றுதான் சொன்னேன்.

ஈஸ்வரமூர்த்தி ஒருநாள் நான் மோப்பதை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மிணி, மூடியத் தொறந்ததும் மொதல்ல என்ன பண்றே?"

"மூச்சை வெளிய விடுவேன் சார். அப்பதான் முழுசா இழுக்க முடியும்."

"எங்க விடுவே?"

சட்டியைப் பார்த்தேன். மெழுகு இளஞ்சூடாகப் பளபளத்தது. உருக்கின நெய் பக்கத்தில் இருக்கிற வாசனையையெல்லாம் இழுத்துக்கொள்ளும், அது போல இதுவும் இழுக்கும் என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான்தான் பாடம் எடுத்திருக்கிறேன். தன் மூச்சு தன் மூக்குக்கு எப்படித் தெரியும்?

"அப்ப முந்தி வந்த அமைதி?" என்றேன்.

அவர் அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தார். "ஒண்ணுமில்லாததுன்னு நெனச்சோம். உன்ர அமைதிதான் அம்மிணி அது. ஊரே பூசிக்கிச்சு."

என் அமைதி. ஏசி கார், வேளாவேளைக்குக் காப்பி, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம், யாரைப் பற்றியும் ஒன்றும் தெரியாமல் இருந்த நிம்மதி. பூக்காட்டுப் பெண்களின் கவலையற்ற மனசு என்று உலகம் காசு கொடுத்து வாங்கி, கண்ணை மூடி இழுத்தது அதைத்தான்.

வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். நிஜமாகச் சொன்னேன். முகக்கவசம் போட்டுக்கொண்டு வேறு யாரையாவது மோந்து பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். அவர் திரையைத் திருப்பி இசபெல்லின் செய்தியைக் காட்டினார். வாடிக்கையாளர்களுக்கு இந்தப் புது மல்லி மிகவும் பிடித்துப்போய்விட்டதாம். அமைதி இருந்தபோது பூசிவிட்டு மறந்துவிடுவார்களாம். இந்த மெல்லிய வெட்கம் அவர்களுக்குத் தாங்கள் நல்லவர்கள் என்கிற உணர்வைத் தருகிறதாம். பூசிக்கொண்டு பெருமூச்சு விடுகிறார்களாம். உலகத்தின் துயரத்தை மறக்காதவர்கள் என்று ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொள்கிறார்களாம். அந்த நாணம் எவருடையது என்று நாங்கள் கேட்கப்போவதில்லை, அது குன்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று முடித்திருந்தாள். நிஜமாகவே கேட்கிற இசபெல்.

சம்பளத்தை உயர்த்தினார்கள். நான் வேலையை விடவில்லை. இதை எந்த மாதிரி சொன்னாலும் கேவலமாகத்தான் இருக்கிறது, அதனால் இப்படியே சொல்லிவிடுகிறேன்.

ஒரு சிக்கல் வந்தது. வெட்கமும் பழகிப்போகிறது. புதுச் சம்பளம் கைக்கு வந்த கொஞ்ச நாளில் பேட்ச் நீர்த்துப் போய்விட்டது, முன்னைப் போல இல்லை என்று செய்தி வந்தது. உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன், அழுது பார்த்தேன். பிரயோஜனமில்லை, தானாக வருவது வேறு, வரவழைப்பது வேறு. ஈஸ்வரமூர்த்தி கோபித்துக்கொள்ளவில்லை. "கொஞ்சம் வெளிய காத்தாட போயிட்டு வா அம்மிணி" என்றார் மெதுவாக.

அதிலிருந்து புது பேட்ச் மெழுகு சட்டிக்கு வருகிற நாளில் காலையில் கிளம்பி வசந்தாமணி வீட்டுக்குப் போய்விடுகிறேன். களத்துக்குப் போகிறதுக்கு முன்னால் பிடித்துவிட வேண்டும். பழம், பிஸ்கட், தாரிணிக்கு மருந்து ஏதாவது வாங்கிப் போவேன். அவள் வாங்கிக்கொள்ள மாட்டாள், பிறகு வாங்கிக்கொள்வாள். டீ போட்டுக் கொடுப்பாள். தேங்காய் உடைத்துக் காய்ப்பு ஏறின கையால் டம்ளரைத் துடைத்துவிட்டுத்தான் கொடுப்பாள். ஊரில் அவள் வீட்டுப் படியேறுகிற ஆள் நான் ஒருத்திதான் என்று அவளுக்கு என் மேல் தனிப் பிரியம்.

"உங்களாட்டப் பெரிய எடத்துல இருக்கறவங்க மறக்காம வந்து பாக்கறீங்களே மேடம்" என்பாள்.

தாரிணி சுவரில் சாய்ந்தபடி என்னைப் பார்த்துச் சிரிப்பாள். சிரிப்புக்கு நடுவே விசில் சத்தம் வரும். பக்கத்து வீட்டிலிருந்தும் இப்போதெல்லாம் ஒரு பிள்ளை இருமுவது கேட்கிறது.

நான் எழுந்திருக்கும்போது வசந்தாமணி வாசல் வரை வருவாள். ஒவ்வொரு தடவையும் அதையேதான் கேட்பாள். இன்றைக்கும் கேட்டாள்.

"நாஞ்சொன்னது போய்ச் சேந்துச்சுங்களா மேடம்?"

"சேந்துச்சுங்க அக்கா. மருந்தை நிறுத்தச் சொல்லிருக்காங்க. கொஞ்ச நாளாகும்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். நம்புகிறாளா, என் முகத்துக்காக நம்புகிற மாதிரி இருக்கிறாளா, தெரியவில்லை. "நல்லா இருப்பீங்க" என்றாள்.

காரில் ஏறிக் கதவைச் சாத்தினேன். டிரைவர் ஏதோ கேட்டார், கையால் நேராகப் போகச் சொன்னேன். ஃபேக்டரி போய்ச் சட்டி மூடியைத் திறக்கிற வரைக்கும் நான் யாரோடும் வாயைத் திறப்பதில்லை. பேசினால் மூச்சு வீணாகிவிடும்.